பன்னிரண்டு சார் வீட்டு லைன்

லைன்காரருக்குப் பொய் சொல்ல வராது. தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இரண்டு மணிக்கு வருகிறேன் என்றால் இரண்டு மணிக்கு ஏணியும் கையுமாக வாசலில் நிற்பார். வர முடியாது என்றால் போனையே எடுக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் நான்கு வருடமாக நூற்றுப் பதினாலு வீடுகளில் ஒரு பெரிய பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார் என்று தெரிந்த அன்று, எல்லோரையும்விட அவரே அதிகமாக ஆடிப்போனார்.

கேபிள் டிவி காலத்திலிருந்து கம்பி இழுப்பவர். அந்தக் காலத்தில் கணக்குச் சுலபம். நூறு சேனல் என்று சொன்னால் ரிமோட்டை அமுக்கி எண்ணிப் பார்க்கலாம், நூறு இருக்கும். பிறகு கம்பி போய் கண்ணாடி இழை வந்தது, சேனல் போய் இன்டர்நெட் வந்தது. இருபது லைன், ஐம்பது லைன், நூறு லைன் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். எதில் நூறு என்று இவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நூறு என்றால் நொடிக்கு நூறு எம்பி என்று இவராக எடுத்துக்கொண்டார். சினிமாப் படம் ஒன்று ஆயிரம் எம்பி. அப்படியானால் பத்தே நொடியில் படம் வீட்டுக்குள் வந்து விழும். வீடு வீடாக இதைத்தான் சொன்னார்.

விழவில்லை. ஒன்றரை நிமிடம் ஆனது. லைன்காரர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். தண்ணீர்க் குழாயில் கசிவு இருப்பதுபோல லைனிலும் வழியில் கொஞ்சம் சிந்திப்போகும் என்பார். சொன்னதோடு விட மாட்டார். ஏணி போட்டுக் கூரை ஏறி, இணைப்பைக் கழற்றித் துடைத்து, புது முனை வைத்து, ஒயரை மாற்றிக் கட்டிவிட்டுத்தான் இறங்குவார். அவர் படும் பாட்டைப் பார்த்துவிட்டு மறுபடி குறை சொல்ல யாருக்கும் மனசு வராது.

ஒருவரைத் தவிர. அவர் எடை அளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்து ஓய்வு பெற்றவர். நூறு லைன் வாங்கிய முதல் நாளே ஒரு படத்தை இறக்கி, கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து, நொடிக்குப் பன்னிரண்டு எம்பிதான் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலை அளப்பார், நோட்டில் எழுதுவார், போன் செய்வார். “தம்பி, இன்னைக்கும் பன்னிரண்டுதான்.” லைன்காரர் அந்த வீட்டில் மூன்று முறை ஒயர் மாற்றிவிட்டார். இன்டர்நெட் பெட்டியை இரண்டு முறை மாற்றினார். பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றது. பெயர் மறந்துபோய் அவர் எல்லோருக்கும் பன்னிரண்டு சார் ஆனார். கடைசியில் லைன்காரர் போனை எடுப்பதை நிறுத்தினார். இந்தக் கதை நடந்த புதன்கிழமையோடு அப்படி ஒன்பது நாள்.

லைன்காரரின் மனைவி திரைச்சீலை தைப்பவள். அவளுடைய இன்னொரு வேலை வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒலிநூலகத்துக்கு இரண்டு வருடமாகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சாமான் அறையின் நாலு சுவரிலும் மிச்சப்பட்ட தடித்த திரைத்துணிகளை இரண்டு மூன்று அடுக்காகத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டாள். உள்ளே போகுமுன் வளையலைக் கழற்றிவிடுவாள். வெந்நீர் ஒரு வாய். வாசிப்பில் தடுக்கினால் பதிவை நிறுத்த மாட்டாள். ஒரு தடவை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி வாசிப்பாள். பிறகு திரையில் ஒலியைக் கோடாகப் பார்க்கும்போது, கை தட்டிய இடம் உயரமாகத் தெரியும், அங்கே வெட்டி ஒட்டிவிடலாம். லைன்காரர் வெளியே உட்கார்ந்து கை தட்டலை எண்ணுவார். “இன்னைக்கு நாலுதான். தேறிட்டே” என்பார்.

அந்த நூலகத்தில் நிரந்தர வாசிப்பாளர் வேலை ஒன்று வந்தது. ஒரே ஒரு இடம். நாற்பத்து நாலு வயதில் அவளுக்கு இப்படி ஒரு வேலை இனி வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். பத்துப் பாடங்களை வாசித்து, சுருக்காத பதிவாக, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர்களுடைய தளத்தில் ஏற்ற வேண்டும். பாடம் ஒன்று ஆயிரம் எம்பி வந்தது.

“பத்தாயிரம் எம்பி போக எவ்வளவு நேரமாகும்?” என்று முதல் வாரமே கேட்டுவைத்தாள்.

“நம்மளுது இருபது லைன். பத்தாயிரத்த இருபதால வகுத்தா ஐநூறு நொடி. எட்டு நிமிஷம், கொஞ்சம் சில்லறை” என்றார் லைன்காரர். ஊருக்கெல்லாம் நூறு இழுத்துவிட்டவர் வீட்டில் இருபதுதான். படம் பார்க்க இது போதாதா என்பார். அதுவரை அந்த வீட்டிலிருந்து பெரிதாக எதுவும் வெளியே போனதில்லை.

ஏழாவது பாடம் கணினி. அதை வாசிக்கும்போது நடுவில் எழுந்து வெளியே வந்தாள்.

“என்னங்க, இதுல இங்கிலீஷ் எம்முக்குப் பக்கத்துல ஒரு எடத்துல சின்ன பி போட்டிருக்கு, ஒரு எடத்துல பெரிய பி போட்டிருக்கு. ரெண்டையும் எப்படிப் படிக்க?”

“எல்லாம் ஒண்ணுதான். எம்பின்னு படி.”

“நெசமாத்தானா?”

“இருபது வருஷமா இதே பொழப்பு எனக்கு. நான் சொல்றேன், படி.”

அவள் போய் அப்படியே படித்தாள்.

ஒன்பதாவது பாடத்தை மழை கெடுத்தது. சாமான் அறைக்கு மேலே தகரக் கூரை. மூன்று நாள் விடாத மழையில் பதிவு முழுக்கக் கொதிக்கிற எண்ணெய்ச் சத்தம். புதன்கிழமை மதியம்தான் வானம் கொஞ்சம் வாயை மூடியது. அவித்த முட்டையும் சோறும் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். எட்டு நிமிடம்தானே, அரைமணி நேரம் கையில் இருந்தால் போதும் என்று நிதானமாக வாசித்தாள். வெட்டி ஒட்டி முடித்து, நாலு இருபதுக்கு ஏற்றுகிற பொத்தானை அமுக்கினாள்.

“என்னங்க, எட்டு நிமிஷம்னு சொன்னீங்களே?”

“ஆமா.”

“இதுல ஒரு மணி ஒன்பது நிமிஷம்னு போட்டிருக்கு.”

“ஆரம்பத்துல அப்படித்தான் காட்டும். போகப் போக ஏறும்.”

ஏறவில்லை. நொடிக்கு இரண்டு புள்ளி நாலு என்று காட்டியபடி, எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லும் கோடு நகர மறுத்தது. லைன்காரர் வேகம் பார்க்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அங்கே இருபது என்று சுத்தமாகக் காட்டியது. இங்கே இருபது, அங்கே இரண்டு புள்ளி நாலு. கசிவுதான். வேறென்ன? ஏணியைச் சாத்தி ஈரத் தகரத்தில் ஏறினார். இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இறங்கி வந்தபோது முழங்கை சிராய்த்திருந்தது, கோடு முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது. மணி நாலு இருபத்தேழு.

அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“காரணமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். “இத விட வேகமா எந்த வீட்டுல வரும்?”

எந்த வீட்டில் எந்த லைன் என்பது அவருக்கு மனப்பாடம். “பல் டாக்டர் நூறு லைன். புதன்கிழமை லீவு. டிரைவிங் ஸ்கூல்காரங்க காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க. அப்புறம்...”

“அப்புறம்?”

“பன்னிரண்டு சார்.”

“அது நூறு லைன்தானே?”

“நூறுதான். ஆனா அங்க நூறு வராதும்மா. பன்னிரண்டுதான் வரும்.”

“இங்க ரெண்டரைகூட வரல. அதுக்கு அது எவ்வளவோ மேல் இல்லையா? கெளம்புங்க.”

“அந்த மனுஷன் போன நான் ஒன்பது நாளா எடுக்கல.”

“போன எடுக்காட்டி என்ன, நேர்லயே போவோம்.”

மடிக்கணினியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். ஒலிவாங்கியும் பைக்குள் இருந்தது. எதற்கு என்று அவளுக்கே தெரியாது, பழக்கத்தில் எடுத்துப் போட்டிருந்தாள். தெருவெல்லாம் பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர். லைன்காரர் வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

கதவைத் திறந்த பன்னிரண்டு சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஒன்பது நாளாச்சு தம்பி. இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?”

“சார், உங்க வேலைக்கு வரல. என் வேலையா வந்திருக்கேன்.”

லைன்காரரின் மனைவி முன்னால் வந்து, நூலகம், வேலை, ஐந்து மணி என்று சுருக்கமாகச் சொன்னாள். பெரியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு முப்பத்தெட்டு.

“மொத்தம் எத்தனை எம்பி?”

“பத்தாயிரம், சார்.”

“பன்னிரண்டால வகுத்தா எண்ணூத்தி முப்பத்து மூணு நொடி. பதினாலு நிமிஷம். உள்ள வாம்மா. நாலு வருஷமா அளந்துட்டிருக்கேன். பன்னிரண்டுக்குக் கீழ போனதும் இல்ல, மேல ஏறினதும் இல்ல. இவர் சொல்ற நூறுக்கு நான் பொறுப்பில்ல, என் பன்னிரண்டுக்கு நான் பொறுப்பு.”

லைன்காரர் பையிலிருந்து ஒயரை எடுத்து, நுனியைச் சீவி, எட்டு இழைகளையும் நிறம் பார்த்து வரிசையாக அடுக்கி, முனையில் செருகி அழுத்தினார். பெட்டிக்கும் கணினிக்கும் நேராக மாட்டினார். நாலு நாற்பத்தொன்றுக்குக் கோடு ஓட ஆரம்பித்தது. நொடிக்குப் பன்னிரண்டு. பதினாலு நிமிடம் என்று திரையும் சொன்னது.

மூவரும் மூச்சு விட்டார்கள். பன்னிரண்டு சார் பால் இல்லாத தேநீரும் ரொட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். கூடவே நோட்டையும் கொண்டுவந்தார். விட்டால் பிடிக்க முடியுமா? பக்கம் பக்கமாகத் தேதி, பக்கத்தில் பன்னிரண்டு, அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘குறை’. முதல் பக்கத்தில் லைன் வாங்கியபோது கம்பெனி கொடுத்த தாளை ஒட்டியிருந்தார்.

லைன்காரரின் மனைவி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு கணினித் திரையைப் பார்த்தாள்.

“என்னங்க, இங்க வாங்க. தாள்ல நூறுக்குப் பக்கத்துல இருக்கறது சின்ன பி. திரையில பன்னிரண்டுக்குப் பக்கத்துல இருக்கறது பெரிய பி.”

“எல்லாம்...” என்று ஆரம்பித்த லைன்காரர் நிறுத்திக்கொண்டார்.

“சின்ன பின்னா பிட். பெரிய பின்னா பைட். அந்தப் பாடத்துல அடுத்த பக்கத்துலயே இருந்துச்சு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நானே படிச்சேங்க. ஹாரன் சத்தம் விழுந்துச்சுன்னு கை தட்டிட்டு ரெண்டு தடவை படிச்சேன். வாய் படிச்சுது, மண்டையில ஏறல.” அவள் குரல் தணிந்தது. “லைன் போடறவங்க பிட்டுல சொல்றாங்க. கம்ப்யூட்டர் பைட்டுல காட்டுது. நூற எட்டால வகுங்க.”

“பன்னிரண்டரை” என்றார் பன்னிரண்டு சார்.

“நம்ம இருபத எட்டால வகுங்க.”

“ரெண்டரை” என்றார் லைன்காரர். சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

கசிவு இல்லை. ஒரு வீட்டிலும் எதுவும் சிந்தவில்லை. நூற்றுப் பதினாலு கூரைகள், எத்தனை ஒயர், எத்தனை வெயில். நன்றாக இருந்த லைனைத்தான் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார். அவமானம் என்றால் அவமானம்தான், அதற்கு வேறு பெயர் இல்லை. அவருக்குக் காது மடல்வரை சுட்டது.

பன்னிரண்டு சாருக்கும் முகம் வாடிவிட்டது. “முப்பத்தோரு வருஷம். எந்தக் கடைக்குப் போனாலும் மொதல்ல கேக்கறது, இது எந்த அளவுப் படிக்கல்லுன்னுதான். இங்க மட்டும் கேக்காம விட்டுட்டேனே” என்று நோட்டை மூடினார்.

லைன்காரரின் மனைவிக்கு இவர்கள் இருவருடைய துக்கமும் காதில் விழவில்லை. “அப்போ என் பாடம் தப்பு” என்றாள். “ரெண்டையும் ஒரே மாதிரி எம்பின்னு படிச்சு வெச்சிருக்கேன்.”

மணி நாலு நாற்பத்தெட்டு. ஆறாவது பாடம் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது அடுத்து. ஒரு மணி நேரப் பாடத்தைத் திரும்ப வாசிக்க வழியில்லை.

“விடும்மா” என்றார் லைன்காரர். “பத்து மணி நேரத்துல ஒரு பக்கம். யாருக்குத் தெரியப் போகுது?”

“கண்ணு தெரியற பிள்ளை எழுத்தப் பாத்துக்கும். கேக்கற பிள்ளைக்கு நான் சொல்றதுதாங்க எழுத்து. தெரியாம சொன்னா என்ன ஆகும்னு இப்பத்தானே பாத்தோம்.”



“தனியா ஒரு திருத்தம் படிச்சு அனுப்பறேன். சின்னதா. சார், உங்க வீட்டுல சத்தமே வராத எடம் எது?”

“ஏம்மா, பரீட்சைக்குப் போற எடத்துல உன் குறைய நீயே எழுதிக் குடுப்பியா? கடையில ஒருத்தன்கூட எங்கிட்ட அப்படிக் குடுத்ததில்ல.” பெரியவர் கேட்டது கேலியாக இல்லை, நிஜமான கவலையாக இருந்தது. “ஒரே ஒரு எடம்னு சொன்னியே.”

“ஒண்ணுதான் சார். கெடைக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ரொம்ப ஆசை.”

படுக்கையறை அலமாரியைத் திறந்துவிட்டார். உள்ளே அவருடைய பழைய அலுவலகக் கோட்டுகள் ஆறு நெருக்கமாகத் தொங்கின. அவள் கோட்டுகளுக்கு நடுவே தலையை நுழைத்து, ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடித்து, கைபேசியில் சொருகிக்கொண்டாள். லைன்காரர் மின்விசிறியை நிறுத்தினார். ஓடிப்போய்க் குளிர்பெட்டியை அணைத்தார். பன்னிரண்டு சார் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஆனால் அது கான்கிரீட் வீடு.

“திருத்தம்” என்று கோட்டுகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. தைக்கிறவளின் குரல் இல்லை அது, வாசிக்கிறவளின் குரல். “ஏழாவது பாடத்தில் எம்பி என்று நான் வாசித்த இடங்களில் இரண்டு வெவ்வேறு அளவுகள் உள்ளன. வேகத்தைச் சொல்லும் இடங்களில் அது மெகாபிட். கோப்பின் அளவைச் சொல்லும் இடங்களில் அது மெகாபைட். எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட். இரண்டும் ஒன்றல்ல.”

லைன்காரர் அறை வாசலில் நின்று காத்திருந்தார். தன்னிடம் கேட்டதையும் தான் சொன்னதையும் அவள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தார். சொன்னால் நியாயம்தான்.

“தவறு நூலில் இல்லை. தவறு, வாசித்தவருடையது.”

அவ்வளவுதான். கை தட்டல் ஒன்றுகூட இல்லை. லைன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குளிர்பெட்டியை மறுபடி போடப் போனார்.

நாலு ஐம்பத்தைந்துக்குப் பத்தாவது பாடம் போய்ச் சேர்ந்தது. ஐம்பத்தேழுக்குத் திருத்தமும் போனது. ‘பதினோரு கோப்புகள் பெறப்பட்டன’ என்று திரையில் வந்தபின்தான் அவள் ஆறிப்போன தேநீரைக் கையில் எடுத்தாள். முடிவு தெரிய ஒரு மாதமாகும் என்றாள். அந்தத் திருத்தத்தைக் கேட்டுவிட்டு அவர்கள் என்ன நினைப்பார்களோ, அது அவர்கள் பாடு.

பன்னிரண்டு சார் கடிகாரத்தை மாட்டிவிட்டு வந்து நோட்டைத் திறந்தார். அன்றைய தேதி, பக்கத்தில் பன்னிரண்டு. சிவப்புப் பேனாவை எடுத்தவர், கீழே வைத்துவிட்டு நீலத்தை எடுத்து ‘சரி’ என்று எழுதினார். எழுதியதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ நாளையிலேர்ந்து அளக்க ஒண்ணுமில்ல” என்றார்.

லைன்காரர் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. கடைத்தெருவில் முடிவெட்டுகிறவர். எடுக்காமல் விட அன்றைக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனாலும் எடுத்தார். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற குரல் அந்த மனிதருக்கு.

“அண்ணே, ஐம்பது லைன் போட்டுட்டு ஆறுதான் வருது. எத்தனை தடவை சொல்றது? ஒயர மாத்தறேன்னீங்களே, எப்ப வர்றீங்க?”

வழியில் சிந்துகிறது என்று சொல்ல லைன்காரரின் வாய் தானாகவே திறந்தது. நான்கு வருடப் பழக்கம். எதிரே மனைவி தேநீர்க் கோப்பைக்கு மேலாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒயர் நல்லா இருக்குப்பா” என்றார். “ஆறு சரிதான். லைன்ல எந்தக் குறையும் இல்ல.”

“பின்ன குறை எங்க?”

“சொன்னதுல. சொன்னவன் நான்தான்.”

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. “புரியலண்ணே.”

“காலையில வர்றேன், உக்காந்து சொல்றேன்” என்றார் லைன்காரர். “ஏணி கொண்டு வரல. சும்மா வர்றேன்.”